குரங்குக் காய்ச்சல் பாடம்

ஜனவரி 9

நாலாம் வகுப்புக்குக் குரங்குக் காய்ச்சல் பாடத்தை வாசிக்கக் கொடுத்தேன். தடங்கலில்லாமல் வாசித்தார்கள். "காட்டுல குரங்கு செத்துக் கெடந்தா என்ன செய்யணும்?" என்று கேட்டேன். நாகவேணி துள்ளி எழுந்தாள். "மாலை போட்டுக் குழி தோண்டிப் பொதைக்கணும் அக்கோரே! அனுமந்த தேவரு இல்லியா!" டீச்சரை இங்கே 'அக்கோரே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

செத்த குரங்கிலிருந்து இறங்கும் உண்ணி கடித்துத்தானே காய்ச்சல் வருகிறது! போன கோடையில் இந்தச் சித்தாப்பூர்ப் பக்கத்திலேயே சாவு விழுந்தது.

ஜனவரி 10

பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிள்ளைகள் மேல் தப்பே இல்லை. தொடக்கம் முழுக்கக் குரங்கின் பெருமை: அனுமன் வம்சம், மரியாதை செய்ய வேண்டும். உண்ணி நடுவில் எங்கோ. 'கிட்டே போகாதே' என்பது கடைசியில், விறகு பொறுக்கும் பேச்சுக்குள் ஒளிந்து கிடக்கிறது. முதலில் வந்ததைப் பிடித்துக்கொண்டார்கள். ஊரில் பார்ப்பதும் அதுதானே.

ஜனவரி 14

சங்கராந்தி. வருகிறவர்களுக்குக் கொடுக்க எள்ளும் வெல்லமும் தட்டில் வைத்துக் கதவைத் திறந்தே போட்டிருந்தேன். ஒருவரும் வரவில்லை. வடக்கே விஜயபுரத்திலிருந்து வந்தவள், முரட்டுப் பேச்சு, சோளரொட்டி தின்கிறவள் — எவள் வருவாள்? நானே கொஞ்சம் தின்றேன். மிச்சம் டப்பாவில்.

ஜனவரி 17

பாடத்தை மாற்றி எழுதினேன். 'என்ன நடக்கிறது?', 'ஏன்?', 'நீ என்ன செய்ய வேண்டும்?' என்று தலைப்புகள். பெருமையெல்லாம் கடைசியில்.

தலைமை ஆசிரியர் மஞ்சப்ப நாயக் பார்த்துவிட்டு, "அனுமந்தனையே கடைசீல தள்ளிட்டீங்களே மேடம்! அதே விஷயம்தானே அச்சடிச்சதுலயும் இருக்கு?" என்றார்.

"இருக்கு சார். பிள்ளைங்களுக்குப் போய்ச் சேரலையே!"

"ஊர்க்காரங்க வந்து கத்தினா நான் பொறுப்பில்ல, ஆமா."

மற்ற ஆசிரியர்கள் டீயை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். தனியாக டீ குடித்தேன்.

ஜனவரி 20

தலைமை ஆசிரியர் சொன்னால் சொல்லட்டும். கரும்பலகையில் எழுதிப்போட்டேன். பழைய கேள்வியையே கேட்டேன். நாகவேணி இந்தத் தடவை யோசித்தாள். "கிட்ட போகக் கூடாது. உண்ணி நம்ம மேல ஏறிக்கும். பெரியவங்க ஒருத்தர்கிட்ட சொல்லணும்." பிறகு முகம் வாட, "அப்ப மாலை?" என்றாள்.

அதற்குத் தலைப்பு இல்லையே! சாக்பீஸ் எடுத்துச் சேர்த்தேன்: 'மரியாதை எப்படி? தூரத்தில் நின்று கும்பிடு.'

ஜனவரி 29

நேற்று ஞாயிறு முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை, இன்று வகுப்பில் வருகை எடுத்ததுதான் முதல் பேச்சு. மாற்றல் கேட்டுவிடலாமா? விஜயபுரத்தில் மட்டும் எனக்கு யார் இருக்கிறார்கள்?

பிப்ரவரி 9

கதவு தட்டும் சத்தம். காற்று என்றே நினைத்தேன். நாகவேணியும் இரண்டு தோழிகளும், கையில் செம்பருத்தி மாலை, மூச்சு வாங்குகிறது. "அக்கோரே, பாக்குத் தோட்டத்துக்கு மேல குரங்கு செத்துக் கெடக்கு! கிட்டவே போகல, சத்தியமா. ரோட்டுலயே நின்னு கும்பிட்டோம்."

சுகாதார நிலையத்துக்குப் போன் செய்தேன். மூவரின் கால்களிலும் உண்ணி தேடிப் பார்த்தேன். இல்லை. அப்பாடா! ஆட்கள் போய் அந்த இடத்தில் மருந்து தூவினார்கள்.

"ஏண்டி, உங்க வீடு அங்கேயேதானே இருக்கு? அம்மாகிட்ட சொல்லாம இவ்ளோ தூரம் ஓடி வந்திருக்கே?"

"பெரியவங்க ஒருத்தர்கிட்ட சொல்லுன்னு நீங்கதானே எழுதினீங்க? நீங்கதான் ஞாபகம் வந்தீங்க."

எள்ளு டப்பாவை எடுத்து வந்தேன். வாசற்படியில் உட்கார்ந்து காலி செய்தார்கள். மாலை வீணாகக் கூடாதென்று என் கதவு ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். குரங்குக்குக் கட்டிய மாலை! கழற்ற மனம் வரவில்லை, அப்படியே தொங்குகிறது.