பிளக்கைப் பிடுங்கிப் பார்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

பெட்டியில் மாதிரிப் பம்பு ஒன்றும், அதன் எலக்ட்ரானிக் போர்டு இரண்டும் வைத்திருக்கிறேன். கடிதத்தைப் படித்துவிட்டுப் போர்டைத் தொடு. நீ எப்போதும் தலைகீழாகத்தான் செய்வாய்.

நோயாளிக்குத் துளித்துளியாக மருந்து ஏற்றும் நம் பம்பு, நொடி பிசகாமல் வேலை நடத்தும் ரியல் டைம் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓடுகிறது. பதிவுகளை எழுதிப் படிக்க அதற்கு ஒரு ஃபைல் அடுக்கு வேண்டும். பதிவைச் சேமிக்க இன்று உள்ளே ஒரு சிப், நாளை வேறு கார்டு என்று எதை மாட்டினாலும் மேலே இருக்கும் புரோகிராம் மாறக்கூடாது. திற, எழுது, படி, மூடு, இவ்வளவுதான் அதற்குத் தெரிய வேண்டும். அடியில் நடப்பது உன் பாடு. ஒரே நிபந்தனை: முறை வந்ததும் மோட்டார் மருந்தைத் தள்ளியாக வேண்டும். உன் அடுக்கு பதிவு எழுதுவதற்காக அது நிற்கக்கூடாது.

மாதக் கடைசியில், என் மனைவி நர்ஸாக இருக்கும் வார்டிலேயே முதல் பம்புகளை வைக்கிறோம். பெட்டியில் இருக்கும் பாதுகாப்புச் சான்றுத் தாளில் உன் கையெழுத்து வேண்டும். சீக்கிரம், அக்கா!

உன் அவசரக்குடுக்கை

மார்ச் 15

அன்புத் தம்பிக்கு,

போர்டைத்தான் முதலில் எடுத்தேன். உனக்குத் தெரியாததா?

அடுக்கு ஓடுகிறது. எழுதச் சொன்னால், தற்காலிக மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு உடனே "எழுதியாச்சு" என்று சொல்லிவிடும். மோட்டார் தன் வேலையைப் பார்க்கும். ஓய்வு கிடைக்கும்போது சிப்பில் பதியும். நீ கேட்ட வேகம் கிடைத்துவிட்டது, எனக்குத்தான் நிம்மதி போய்விட்டது. "எழுதியாச்சு" என்று சொன்ன பிறகு, சிப்பில் பதிவதற்குள் கரண்ட் போனால், மெமரியில் இருப்பது அழிந்துவிடாதா? எவ்வளவு மருந்து போயிருக்கிறது என்று அந்தப் பதிவைப் பார்த்துத்தானே பம்பு மறுபடி தொடங்கும்?

சோதித்துப் பார்த்து எழுது. அதுவரை தாள் என்னிடமே இருக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

மார்ச் 19

சந்தேகப் பிராணியான என் அக்காவுக்கு,

நானும் இங்கே பம்புகளைச் சோதிக்கும் டெஸ்டர் அண்ணனும் கை ஓயும்வரை பம்பை அணைத்து அணைத்துப் போட்டோம். ஒரு பதிவும் தொலையவில்லை. "உங்க அக்கா கதவைப் பூட்டிட்டு நாலு தடவ இழுத்துப் பாக்கிற ஆளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இங்கே வார்டில் ஆள் போதவில்லை. என் மனைவி ஒரு நோயாளிக்குக் கையால் மருந்தைத் தள்ளிக்கொண்டே அடுத்த கட்டிலைத் திரும்பிப் பார்க்கிறாள். வீட்டுக்கு வந்ததும் "பம்பு எப்பங்க வரும்?" என்கிறாள். என்ன பதில் சொல்ல? தாளை அனுப்பு.

உன் தம்பி

மார்ச் 23

அன்புத் தம்பிக்கு,

எப்படி அணைத்தீர்கள்? முன்பக்கப் பொத்தானை அழுத்தித்தானே? அந்தப் பொத்தான் என் அடுக்கிடம் "போகலாமா?" என்று கேட்கும். மிச்சம் மீதியை எல்லாம் சிப்பில் பதித்துவிட்டு அது "போ" என்ற பிறகுதான் பம்பு அணையும். கரண்ட் அப்படிச் சொல்லிக்கொண்டா போகும்? பேட்டரி இருக்கிறதே என்பாய். பழைய பேட்டரியும் சொல்லிக்கொண்டு சாவதில்லை.

நான் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். மறுபடி செருகியதும், ஏற்கெனவே தள்ளிய மருந்தை இன்னொரு முறை தள்ளியது. வெறும் தண்ணீர்தான், கிண்ணத்தில்தான் விழுந்தது. ஆனாலும் உடனே பிளக்கை மறுபடி பிடுங்கிவிட்டேன்.

வழி இருக்கிறது. ஒரு துளி போய்க்கொண்டிருக்கும்போதே அடுத்த துளிக்கான குறிப்பைச் சிப்பில் பதித்துவிடலாம். மோட்டாரும் நிற்காது. கரண்ட் போய் வந்தால், பம்பு தானாகத் தள்ளாமல், "தொடரலாமா?" என்று நர்ஸைக் கேட்கும். ஆனால் மாதக் கடைசிக்குள் முடியாது. பதறாத காரியம் சிதறாது. இப்போது கையெழுத்துப் போட மாட்டேன்.

அக்கா

மார்ச் 27

அக்கா,

பம்புகள் நேற்றே வார்டுக்குப் போய்விட்டன. திங்கட்கிழமை பொருத்துகிறோம். பேட்டரி எல்லாம் புதிது, மருத்துவமனையில் ஜெனரேட்டரும் இருக்கிறது. தாளை நீ அனுப்பாததால், வேறொரு தாளில் உன் இடத்தில் நானே பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

சின்ன வயதிலிருந்தே, நான் ஓடும்போதெல்லாம் சட்டையைப் பிடித்து இழுத்தவள் நீ. போதும். இனி போர்டு அனுப்ப மாட்டேன்.

மார்ச் 28

தம்பிக்கு,

வார்டின் தலைமை நர்ஸுக்கு அவசரக் கூரியரில் எழுதிவிட்டேன். யார் உடம்பிலும் பொருத்துவதற்கு முன்னால், உன் எதிரிலேயே பேட்டரியைக் கழற்றிப் பிளக்கைப் பிடுங்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். உன் முதுகுக்குப் பின்னால் செய்ததாக இருக்கக்கூடாது என்றுதான் உனக்கும் எழுதுகிறேன்.

நீ என்னோடு பேசாமல் போய்விடுவாயோ என்று பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும், உன் மனைவியின் கையால் ஒருவருக்கு இரட்டை மருந்து போக விடமாட்டேன். புதிய புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ கேட்காவிட்டாலும் முடிந்ததும் அனுப்புவேன்.

அக்கா

ஏப்ரல் 20

அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம்தான் காரணம். வேறு சாக்குச் சொல்லப் போவதில்லை.

தலைமை நர்ஸ் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினார். பிளக்கைப் பிடுங்கியது என் மனைவி. மறுபடி செருகியவளும் அவள்தான். கிண்ணத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டே போனது. "இது எத்தனாவது டோஸுங்க?" என்று மட்டும் கேட்டாள். அன்றே பம்புகளைத் திரும்ப எடுத்து வந்துவிட்டேன். அவள் இன்னும் கையால்தான் தள்ளிக்கொண்டிருக்கிறாள்.

என்னைத் தாண்டி எழுதினாயே, அது இன்னும் ஆறவில்லை.

உன் புதிய புரோகிராமைப் போட்டுப் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டே இருக்கிறோம். ஒவ்வொரு முறையும் பம்பு நின்று, நர்ஸைக் கேட்கிறது. இனி யாரும் அதை அழுத்திச் சோதிக்கக்கூடாது என்று சோதனைப் பம்பிலிருந்து முன்பக்கப் பொத்தானைக் கழற்றிவிட்டேன். போர்டுகளோடு அதுவும் பெட்டியில் வருகிறது, நீயே வைத்துக்கொள்.

நான் கையெழுத்துப் போட்ட தாளைக் கிழித்துவிட்டேன். புதிய தாளில் உன் இடம் காலியாக இருக்கிறது. ஆற அமரப் பிடுங்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு. ஆனால் என் கோபம் தீரட்டும் என்று மட்டும் காத்திருக்காதே.

உன் அவசரக்குடுக்கை