முதலாளி மேசைமேல் இருந்த மனு

ஜூன் 11, 2006, ஞாயிறு

மதுரையில் வாங்கிய சிடியை மறுபடி போட்டேன். எழுபதுகளில் அமெரிக்காக்காரன் எடுத்த அரசியல் சதிப் படம். போன் ஒட்டுக்கேட்பான், ஃபைல் காணாமல் போகும், நம்பினவனே காலை வாரிவிடுவான். எனக்கு இந்த ரகம்தான் பிடிக்கும்.

"நல்லவன் சாகுறத எத்தன தடவதான் பாப்பீக?" என்றாள் என் வீட்டுக்காரி யோகேஸ்வரி. சீரியல் பார்த்து மூக்கைச் சிந்துகிறவளுக்கு உலகம் எப்படி நடக்கிறதென்று தெரியவா போகிறது.

ஜூன் 19

முதலாளி சங்கரபாண்டியன் கூப்பிட்டு மேசைமேல் இருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். எங்கள் பட்டாசுக் கம்பெனி பற்றி எவனோ அதிகாரிகளுக்குப் போட்ட மொட்டைக் கடுதாசி. நாலு பேர் மட்டுமே இருக்க வேண்டிய வெடிமருந்து அறையில் ஒன்பது பேரை உட்கார வைக்கிறோமாம்.

"எவன்னு கண்டுபிடிச்சுச் சொல்லும், சீனிவாசகம். வருகைப் பதிவேடு உம்மகிட்டதான இருக்கு?"

உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்கிற பயல். விடமாட்டேன்.

ஜூன் 22

படத்தில் எப்போதும் காட்டிக்கொடுக்கிறவன் வாயைத் திறக்காதவன்தான். கடுதாசியைப் பதிவேட்டில் இருக்கிற ஒவ்வொரு கையெழுத்தோடும் ஒப்பிட்டேன். மருந்து அறை சோணைமுத்து! தினமும் என்னோடு டீ குடிக்கிறவன்.

ஜூன் 23

முதலாளியிடம் பேரைச் சொன்னேன். அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கேட்டில் வைத்து, "ஒம்பது பேரும் உசுரோட வீட்டுக்குப் போகணும்ல, அண்ணாச்சி" என்றான். பெரிய தியாகி! "போலே!" என்றேன்.

ஆகஸ்ட் 8

தீபாவளி சீசன். ஆர்டர் குவிகிறது. அந்த அறையில் இப்போது பதினொரு பேர்.

ஆகஸ்ட் 17

வெடிச்சிருச்சு. மருந்து அறை. காலை பத்தே முக்கால். ஆறு பேர் — ஐயோ, இசைவாணி, சங்கிலிமுத்து... காலைல நாந்தான அதுகளுக்குப் பேரு எழுதினேன்.

ஆகஸ்ட் 18

"நாலு பேருதான் இருந்தாக. புரியுதா?" என்றார் முதலாளி. புதுப் பதிவேடு தயாராக இருந்தது. எழுதினேன். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. த்தூ, நானும் ஒரு மனுசனா?

செத்தவர்களில் ரெண்டு பேர் நேற்று வேலைக்கே வரவில்லை என்று ஆயிற்று.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

நானே ஒரு மனு எழுதினேன். இடது கையால். பதினொரு பெயரும் இருக்கிறது.

யோகேஸ்வரி உறை வாங்கிவந்து வைத்தாள். "யாருக்கு அனுப்பப் போறீக?"

சோணைமுத்துவின் மனு அதிகாரிகளுக்குத்தானே போனது? அது எப்படி முதலாளி மேசைக்கு வந்தது? அன்றைக்கு அதை நான் கேட்கவே இல்லை. அம்புட்டுப் படம் பார்த்தவன்!

மத்தியானம் ஆகிவிட்டது. உறைமேல் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.