ஆட்களில்லாத படங்கள்

டொலிடோ
அக்டோபர் 1974

என் அன்பே,

கிளீவ்லேண்டில் உன் அக்கா வீட்டுப் பக்கம் குளிர் ஆரம்பித்திருக்கும். நீ விட்டுப்போன கம்பளிக் கோட்டைத் தனியே அனுப்பியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை சலவைக்கடையின் பின்சுவரைப் படமெடுக்கப் போனேன். செங்கல் சுவர், மின்கம்பம், அதன் நிழல். வழக்கம்போலக் கறுப்பு வெள்ளைதான். மாடி ஜன்னலிலிருந்து ஒரு அம்மாள் சத்தம் போட்டாள்.

"யோவ், நகராட்சி ஆளா? இடிக்கப் போறீங்களா?"

"இல்லம்மா. பார்க்க அழகா இருக்கு, அதான்."

"இந்தச் சுவரா? கண்ணு நல்லாத்தான தெரியுது உனக்கு?"

ஐந்து நிமிடத்தில் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு இறங்கி வந்து சுவரோரம் நின்றாள். பெயர் டெலோரஸ். "அப்ப என்னையும் சேர்த்து எடு" என்றாள். இருபது வருடமாக, ஆட்கள் நகரும்வரை காத்திருந்தே எடுத்தவன் நான். அவளிடம் நகரச் சொல்ல வாய் வரவில்லை. எடுத்தேன்.

நேற்று படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள். "நல்லா எடுக்கிறியே! எங்க, உன் பொண்டாட்டி படம் ஒண்ணு காட்டு பாப்போம்."

நேராகத் திரும்பி வந்தேன். வீட்டில் பதினொரு படப் பெட்டிகளையும் கொட்டித் தேடினேன். பெட்ரோல் பங்குகள், கார் நிறுத்துமிடங்கள், பூட்டிய கடைகள். ஒன்றில்கூட நீ இல்லை. அந்த இடங்களுக்கெல்லாம் என்னைக் காரில் கூட்டிப்போனவள் நீதான்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். கேமராவில் புதுச் சுருள் இருக்கிறது. விருப்பமில்லையென்றால் நீ கதவைத் திறக்க வேண்டாம். கோபமாகத் திறந்தாலும் சரிதான். அந்த முகம்கூட என்னிடம் இல்லை.

இன்னும்
உன் கணவன்