கதவில் விட்டுவைத்த மஞ்சள்

என்னங்க,

மூன்று நாளாக உங்களோடு பேசவில்லை. இப்போதும் பேசவில்லை, எழுதுகிறேன்! சாப்பாடு ஹாட்பாக்ஸில் இருக்கிறது. முதலில் வாசலுக்குப் போய் காரைப் பாருங்கள்.

"வெளுத்துப்போச்சு, முழுசா பெயிண்ட் அடிச்சாத்தான் உண்டு"ன்னு குதித்தீர்களே? பாலிஷ்காரர் மெஷின் வைத்துத் தேய்த்ததும் பழைய சிவப்பு அப்படியே வந்துவிட்டது. பானெட்டில் முகம் பார்த்துத்தான் இன்று தலை வாரினேன். எதிர்வீட்டு அக்கா, "புது வண்டியா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மாற்றிச் சொல்லி என் மானத்தை வாங்காதீர்கள்.

அப்புறம் அந்த இடது கதவு. நான் நம் கேட்டில் உரசிய கீறல் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்காட்டுகிறீர்களே, அதே இடம்தான். அழுக்கை எடுத்ததும் மஞ்சளாகத் தெரிந்தது. "இது கீறலே இல்லம்மா, எங்கயோ உரசுனதுல அந்தப் பெயிண்ட் வந்து ஒட்டிக்கிச்சு" என்றார் பாலிஷ்காரர். நம் கேட் கறுப்பு. உங்கள் பார்வைக்காக ஒரு விரல் அகலம் துடைக்காமல் விடச் சொன்னேன்.

நான்கு மணிக்கு மெழுகு பூச வருவார். சாவியைக் கொடுங்கள்.

பி.கு.: உங்கள் ஆபீஸ் பார்க்கிங்கில் தூணெல்லாம் மஞ்சள்தானே?

இன்னொன்று: ஆறு மணிக்கு பஸ் ஸ்டாப்பில் நிற்பேன். காரில் வந்து கூட்டிப்போங்கள். மன்னிப்பை வழியில் கேட்டுக்கொள்ளலாம். தூண் பார்த்து ஓட்டுங்கள்.