பேர்கன் அணிக்கு ஓர் அழைப்பு

வெஸ்ட்லி, ஒஸ்லோ
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை

மதிப்புக்குரிய சண்முகலிங்கம் அண்ணை அவர்களுக்கு,

உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், கை வரவில்லை. கடையில் நின்று நின்று நேராகக் கதைத்தே பழகிவிட்டவள் நான். என் தொலைபேசி அழைப்பை நீங்கள் எடுப்பதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

இந்த ஆவணியிலும் பிள்ளைகளின் பேஸ்போல் கிண்ணப் போட்டி நடக்க வேண்டும். உங்கள் பேர்கன் நகரத்து அணி வர வேண்டும்.

ரொறன்ரோ மச்சான் கொண்டுவந்த ஒரு மட்டையோடும் நாலு கையுறையோடும் இதைத் தொடங்கியது என் மகன் மதுரன் என்றாலும், போட்டியாக்கியது நீங்கள். முதல் வருடம் பேர்கன் பிள்ளைகளை ஒரு வான் வண்டியில் ஏற்றி, மலை கடந்து வந்தீர்கள். இரண்டே அணிகள், ஒரு சரளைக்கல் மைதானம். என் கடையின் வெற்று அரிசிச் சாக்குகளில் மண் நிரப்பி, ஓடித் தொடும் தளங்களாக வைத்தோம். பிள்ளைகள் பந்தை அடித்துவிட்டு மட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "மட்டையைப் போட்டிட்டு ஓடுங்கோடா, இது கிரிக்கெட் இல்லை!" என்று நீங்கள் கத்த, வெளியில் நின்ற தகப்பன்மார் கிரிக்கெட் நினைப்பிலேயே "மட்டையை நீட்டடா!" என்று கத்தினார்கள். மழை வந்ததும் எல்லோரும் என் கடைக்குள் புகுந்து ரோல்ஸ் தின்றதுதான் பரிசளிப்பு விழா.

இரண்டாம் வருடம் ஸ்தவாங்கர் நகர அணியின் பொறுப்பாளர் ஜானகிராமன் அங்கிருந்து தமிழ்நாட்டுப் பிள்ளைகளைக் கொண்டுவந்தார். அவர்கள் எங்கள் தமிழுக்குச் சிரிக்க, எங்கள் பிள்ளைகள் அவர்கள் தமிழுக்குச் சிரிக்க, கடைசியில் எல்லோரும் நோர்வேஜிய மொழியிலேயே சண்டை பிடித்தார்கள்.

மூன்றாம் வருடத்தை நான் எழுதத் தேவையில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஒருவராவது எழுத வேண்டும். இறுதியாட்டத்தில் உங்கள் மகன் ஹரிசன் எறிந்த பந்து, மட்டை பிடித்து நின்ற மதுரனின் இடது கண்ணில் பட்டது. அந்தக் கண் இனிப் பார்க்காது. வைத்தியசாலையில் நீங்கள் அறை வாசல்வரை வந்து, திராட்சைப் பையைத் தாதியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனதைக் கண்டேன். நான் திரும்பி மதுரனின் கட்டிலடிக்குப் போய்விட்டேன்.

ஹரிசன் இப்போது பந்தைத் தொடுவதில்லையாம். அணியையும் கலைத்துவிட்டீர்களாம். எங்கள் முகத்தில் முழிக்கக்கூடாது என்று ஒதுங்கி நிற்கிறீர்கள். அது மரியாதைதான், அண்ணை. ஆனால் அந்த மரியாதை என் பிள்ளையைத் தின்கிறது.

ஜானகிராமனிடம் கேட்டேன். "பேர்கன் வந்தா நாங்களும் வரோம் மேடம். ஒரே ஒரு டீமோட ஆட பசங்கள அவ்வளவு தூரம் எப்படி கூட்டிட்டு வர்றது?" என்றார். அதையும் மதுரன் கேட்டுக்கொண்டிருந்தான்.

அவன் கோடை விடுமுறைக்கு முன்பே பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டான். மனநல மருத்துவரிடம் கூட்டிப்போகிறேன்; அங்கே தலையை மட்டும் ஆட்டுகிறான். போன கிழமை, பூட்டிய அறைக்கு அந்தப் பக்கம் இருந்து சொன்னான்: "அம்மா, கிரிக்கெட் மாதிரி முன்னுக்குக் கால் வைச்சுப் போனது நான்தானே. ஹரிசன் அண்ணாவுக்கு என்னோடை கோவம். என்னாலைதான் எல்லாம் நிண்டுபோச்சு. நான் இல்லாட்டில் எல்லாரும் விளையாடுவினம்."

நாங்கள் இருப்பது எட்டாம் மாடி. பல்கனிக் கதவைப் பூட்டி, திறப்பை என் கழுத்துச் சங்கிலியில் கொழுவியிருக்கிறேன். கடைக்குப் போனால் கை அதிலேயே இருக்கிறது.

நான் வியாபாரி. எந்த மனிதரோடும் பேரம் பேசி ஒரு வழிக்குக் கொண்டுவந்துவிடுவேன். என் பிள்ளையிடம் எதை வைத்துப் பேசுவது என்று தெரியவில்லை.

அணியைச் சேர்க்க முடியாவிட்டால் விடுங்கள். கிண்ணமும் போகட்டும். ஹரிசனை மட்டும் ரயில் ஏற்றிக் கூட்டி வாருங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டாம். கேட்டால் எனக்குக் கோபம் வரும். மதுரனின் கதவைத் தட்டி, வாடா விளையாட என்று ஒரு சொல் சொன்னால் போதும். நான் தட்டினால் அவன் திறக்கிறான் இல்லை.

முதலில் உங்கள் பிள்ளையைச் சபித்தேன்தான், பெற்றவள். இப்போது விளக்கு வைக்கும்போது இரண்டு பெயரையும் சொல்கிறேன். அந்தப் பந்தை எறிந்த கைக்கு ஒரு குறையும் வரக்கூடாது. அது இங்கே வந்து கதவைத் தட்ட வேண்டிய கை.

இப்படிக்கு,
ரயில் நேரம் பார்த்திருக்கும்
ஜெயகுமாரி