சிரிக்கிற பிணம்

மாசி 3, திங்கள்

ஒத்திகை நாறிப்போச்சு. கடலில் இறந்தவனைக் கரைக்குக் கொண்டுவருகிற காட்சி. பிணமாகக் கிடந்த றெனால்ட், நான் முன்னால் போய்க் குந்தியதும் சட்டைக் கொலரைச் சரிசெய்தான். கண்ணை மூடிக்கொண்டே சிரித்தான். ஈவிரக்கமில்லாத சம்மாட்டியாக, படகு முதலாளியாக வரும் ஜுனைதீன் நானா வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். புருஷனுக்காக ஒப்பாரி வைக்க வேண்டிய மதுஷிகா தலையைச் சரித்து, தாடையைத் தாழ்த்தி — அசல் கலியாணப் பொம்பிளை.

"ஏன் சிரிக்கிறீங்கள்?" என்றேன்.

"உங்களைக் கண்டால் தன்பாட்டில வருது அக்கா. என்ர கலியாணத்தில விடிய விடியச் சிரிக்கச் சொன்னது நீங்கள்தானே," என்றாள் மதுஷிகா.

பிழை என்னுடையதுதான். பதினொரு வருசமாகக் கமராவும் கையுமாக இந்தத் தீவுக்கே சிரிப்புப் பழக்கியிருக்கிறேன். உம்மா எருக்கலம்பிட்டி முஸ்லிம், அப்பா மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர், அப்பாவின் தாய் சிங்களம். அதனால் எல்லாப் பக்கத்துக் கலியாணத்துக்கும் கூப்பிடுவார்கள். எல்லாப் பக்கத்திலும் "மற்றப் பக்கத்து ஆள்" என்றும் சொல்வார்கள். 'படம் எடுக்கிற றிம்ஷா' என்பதில் மட்டும் அத்தனை பேரும் ஒற்றுமை. நான் எழுதி நெறியாள்கை செய்த நாலு நாடகம் ஒருவருக்கும் ஞாபகமில்லை. ஒருக்கால், ஒரேயொருக்கால், நாடகக்காரி என்று யாராவது சொல்ல வேண்டும். மாவட்ட நாடகப் போட்டி 22ஆம் திகதி.

மாசி 6

கமரா இல்லாமல் போனேன். சிரித்தார்கள்.

மாசி 9, ஞாயிறு

ஒத்திகை நடக்கும் இடத்து மீன்பெட்டி அடுக்குக்குப் பின்னால் ஒளிந்திருந்து பார்த்தேன். முதல் காட்சி தங்கமாகப் போனது. பிறகு தும்மல் வந்துவிட்டது. பிணம் உட்பட எல்லோரும் பெட்டிப் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். நடிகர்களை அழவைக்க வந்தவள் நான். அழுதது நான் மட்டும்தான்.

மாசி 14

பேசாலையில் ஒரு கலியாணப் படப்பிடிப்பு. ஒத்திகைக்குப் போக முடியவில்லை. பின்னேரம் ஜுனைதீன் நானா போன் எடுத்தார். "தங்கச்சி, இண்டைக்கு நல்லா வந்திச்சு. மதுஷிகா அழுதா, பார்க்க வந்த ஆக்களும் அழுதாங்க. ஒண்டு சொன்னாக் கோவிக்க மாட்டீங்களே? போட்டிக்கு நீங்க வராதீங்கோ."

கோவித்தேன். எட்டு மாசம் இருந்து எழுதின நாடகம். என்ர நாடகம். எனக்கே வராதீங்கோவாம்!

போகத்தான் கூடாது. தெரியுது.

மாசி 22, சனி

மண்டபத்துக்கு வெளியே ஓட்டோவுக்குள் இருந்து கச்சான் கொறித்தேன். உள்ளே சத்தமே இல்லை. ஒப்பாரி தொடங்கியது. கொஞ்சத்தில் சனம் மூக்குறிஞ்சுவது வெளியே கேட்டது.

"ஆரும் செத்திட்டினமோ?" என்றார் ஓட்டோக்காரர்.

"ஓம், றெனால்ட்," என்றேன். சந்தோசத்தில் கச்சான் புரையேறிவிட்டது.

இரண்டாமிடம். மாகாணப் போட்டிக்கு யாழ்ப்பாணம் போவது முதலாமிடம் மட்டும். நெறியாளரை மேடைக்குக் கூப்பிட்டபோது உம்மா எழும்பிப் போய்ச் சான்றிதழை வாங்கியிருக்கிறா. வீடு வரும்வரை எனக்கு என் நாடகத்தையே கதையாகச் சொல்லிக்கொண்டு வந்தா. நல்ல நாடகம் போலத்தான் இருக்கிறது.

பங்குனி 10, திங்கள்

தோட்டவெளியிலிருந்து ஒரு பெரியவர் என் ஸ்டூடியோவுக்கு வந்தார். "பிள்ளைதானே அந்தக் கடல் நாடகம் போட்டது? மூண்டு நாள் எனக்குச் சோறு இறங்கேல்லை," என்றார். முக்கால் மணித்தியாலம் அதைப் பற்றியே கதைத்தோம். எழும்பும்போது கேட்டார்: "அடையாள அட்டைக்கு ஒரு படம் எடுக்கோணும் பிள்ளை. இங்கினைக்க ஆரும் படம் எடுக்கிற ஆக்கள் இருக்கினமோ?"

என் முதுகுக்குப் பின்னால் கமரா, லைட், வெள்ளைத் திரை எல்லாம் நின்றன. அவரை வாசல்வரை கூட்டிக்கொண்டு போய், சந்தி திரும்பியதும் இரண்டாவது கடை என்று வழி காட்டி அனுப்பினேன்.