வெற்றிலைப் பெட்டி போட்ட போன்

அன்பு மகன் மரிஹோட்டுக்கும், மருமகள் வூலானுக்கும், என் தங்கம் லாஸ்மாவுக்கும் அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை துமாவும் ஏரிக்காற்றுக்குக் கொஞ்சம் இருமினாலும் நலமாகவே இருக்கிறோம், மெராவ்கேயில் நீங்கள் மூவரும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க ஞாயிறுதோறும் கோயிலில் உங்கள் பேரைச் சொல்லித்தான் ஜெபம் பண்ணுகிறேன். நீ போன் மேல் போன் போட்டும் நான் எடுக்கவில்லை என்று கோபித்திருப்பாய். எப்படி எடுப்பது மகனே, போன் நெல் குதிருக்குள் கிடந்தது, போட்டவளும் நான்தான். யாருக்கும் நோய் இல்லை, துமாவின் கல்யாணமும் நிற்கவில்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பாதி படிக்கும்போதே விமானத்துக்கு டிக்கெட் எடுத்துவிடுவாய். இப்போதுதான் எனக்கு மூச்சு சீராக வருகிறது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, தப்பு இருந்தால் லாஸ்மா திருத்தட்டும், பள்ளிக்கூடத்தில் பேச்சுக்கு முதல் பரிசு வாங்கியவளாயிற்றே அவள். சந்தையில் மீன்காரி முதல் படகுக்காரன் வரை எல்லோரிடமும் சொல்லியாயிற்று, சொன்னவர்களிடமே திரும்பவும் சொல்கிறேன் என்று உன் அப்பா தலையில் அடித்துக்கொள்கிறார்.

நீ அனுப்பிய போனை நான் இடுப்புத்துணி மடிப்பில் வெற்றிலைப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் செருகி வைப்பேன். துமா சொல்லிக்கொடுத்தபடி பூட்டித்தான் வைப்பேன். பூட்டினால் பூட்டினதுதானே என்று இருந்துவிட்டேன், பூட்டிய போனுக்குள்ளும், சொன்ன வேலையைச் செய்கிற அந்தப் பேசும் பெண் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று யார் கண்டது. அன்றைக்குப் பக்கத்து வீட்டு சொண்டாங்கின் அம்மாவும் நானும் கல்யாண மீனுக்கு அந்தாலிமான் மிளகு இடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம், இந்த வருஷத்து மிளகு நாக்கை மரக்க வைக்கிறதா என்று தெரியவேண்டாமா. நான் குனிந்து குனிந்து நிமிர்ந்ததில் வெற்றிலைப் பெட்டியின் விளிம்பு போனின் பக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்துவிட்டது, உள்ளே இருந்தவள் விழித்துக்கொண்டாள். அது தெரியாமல் சொண்டாங்கின் அம்மா, பொண்ணு வீட்டு முறைக்கு நீங்க மீனு போடுறீங்க சரி, விருந்துக்கு மாப்பிள்ளை வீடு கொண்டுவர்ற பன்னி எப்படியாம் என்று கிளறினாள். எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை, ஜொங்கியோட அப்பாவைக் கூப்பிடு, அவரு வாயாலயே சொல்லட்டும் என்று நக்கலாகச் சொன்னேன். உள்ளே இருந்தவள் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு உன் அத்தை புருஷனுக்கு, மாப்பிள்ளையின் அப்பாவுக்கே, போன் போட்டுவிட்டாள். உலக்கைச் சத்தத்தில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் பேசியதை எழுதவே கை கூசுகிறது. அவருடைய புதுவீட்டு விருந்துக்கு வெட்டினாரே ஒரு பன்றி, அதைப் பற்றித்தான். அந்தப் பன்னிய நிக்க வச்சா அந்தப் பக்கத்து வெளிச்சம் இந்தப் பக்கம் தெரியும்டீ, கொடியில காயப்போட்ட துணி மாதிரி தோலு, வெட்டினதால செத்துச்சா பட்டினியில செத்துச்சான்னு போதகருக்கே சந்தேகம் வந்துருச்சு என்றேன். சொண்டாங்கின் அம்மா சிரித்துச் சிரித்து உலக்கையைக் காலில் போட்டுக்கொண்டாள். பிறகு வெற்றிலை போட மடிப்பில் கையை விட்டால் போன் அடுப்புக்கல் மாதிரிச் சுடுகிறது, எடுத்துப் பார்த்தால் ஜொங்கி அப்பா என்று பேர், அதன் கீழே நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

வூலானுக்கு நீ எடுத்துச் சொல், அவள் பிறந்த ஜாவாவில் இந்த முறை கிடையாது. உன் அத்தை புருஷனும் நானும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசக்கூடாது, இத்தனை வருஷத்தில் காப்பி வேண்டுமா என்றுகூட நான் கேட்டதில்லை, எல்லாம் உன் அத்தை வழியாகத்தான். அந்த மனிதருக்கு நானே போன் போட்டு, அதுவும் அவர் பன்றியை உரித்திருக்கிறேன் என்றால் என் மானம் எங்கே போகும். போனைக் கட் பண்ணிக் கொண்டுபோய்க் குதிருக்குள் போட்டு மூடினேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டிலிருந்து ஒருவர்கூடக் கோயிலுக்கு வரவில்லை. துமா சாப்பிடவில்லை, என் கல்யாணத்தை வெத்தலைப் பெட்டிய வச்சு நசுக்கிட்டியேம்மா என்று ஒரே அழுகை. தன் போனில் ஜொங்கியிடம் கேட்கிறேன் என்று அவள் சொன்னால் வேண்டாம் வேண்டாம் என்று நானே தடுத்தேன், வேண்டாம் என்கிற பதில் வந்துவிட்டால் என்ன செய்வது. சின்ன வயசிலிருந்து அவன்தான் என்று இருந்தவள் அவள், உனக்குத் தெரியாததா.

அடுத்த நாள் படகு வந்து நின்றது. உன் அத்தையும் அவள் புருஷனும் ஜொங்கியும் இறங்கினார்கள், பின்னாலேயே நாலு ஆள் சுமந்து ஒரு பன்றி. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கோயிலுக்கு வராததே பாலிகே பக்கம் போய் இதைப் பார்த்துப் பேசி முடிக்கத்தானாம். உன் அத்தை வாசலிலேயே, அண்ணி, விளக்கக் கொண்டாங்க, வெளிச்சம் அந்தப் பக்கம் தெரியுதான்னு பார்த்துரலாம் என்று கத்தினாள். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அப்பாவும் அத்தையும் ஜொங்கியும் பன்றியைக் கட்டக் கொல்லைக்குப் போனார்கள், கூடத்தில் உன் அத்தை புருஷன் மட்டும், கதவுக்கு இந்தப் பக்கம் நானும் துமாவும். அவர் தொண்டையைக் கனைத்து நடுத்தூணைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

தூணே, உள்ளே ஒளிஞ்சிருக்கிற அம்மாகிட்டச் சொல்லு, அன்னிக்குப் போனை எடுத்ததும் அவங்க குரல் கேட்டுச்சு, போன் திறந்திருக்கும்மான்னு சொல்லலாம்னா நான் அவங்ககூடப் பேசக்கூடாது, கட் பண்ணினா மரியாதை இல்ல, வீட்டுக்காரி வந்து சொல்லட்டும்னு காப்பித் தோட்டம் பூரா அவளைத் தேடி ஓடினேன், அவ வந்து போனை வாங்குறதுக்குள்ள நின்னுபோச்சு என்றார். எனக்கு உயிர் வந்தது. தூணே, அப்போ அவரு எதையும் கேட்கலையான்னு கேளு என்றேன். தூணே, போதகருக்குச் சந்தேகம் வந்த வரைக்கும் கேட்டேன்னு சொல்லு, அந்தச் சந்தேகம் நியாயம்தான்னும் சொல்லு என்றார். துமா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள், இந்தத் தடவை அழுகையை அடக்க இல்லை.

அதோடு விட்டாரா, குதிரிலிருந்து போனை எடுத்துவரச் சொல்லி, தூணுக்குச் சொல்கிற மாதிரியே வைத்தியமும் சொன்னார். அவருடைய போனும் சட்டைப் பையிலிருந்து பிரசங்க நடுவில் வாய் திறந்ததாம், பங்கூருரானில் போன் கடைக்காரர் சரிபண்ணிக் கொடுத்தாராம். கேட்டுக்கொள், உனக்கும் ஆகும். பல்சக்கரப் படத்தைத் தொட்டு உள்ளே போனால் பக்கப் பொத்தான் என்று இருக்கும், அதை அழுத்திப் பிடித்தால் பேசுகிற பெண் வரவேண்டும் என்று இருப்பதை மாற்றி, போனை அணைக்கிற பட்டியல் வரட்டும் என்று வைக்கவேண்டும். பிறகு அந்தப் பெண்ணுக்கான இடத்துக்கே போய், பூட்டியிருக்கும்போது வேலை செய்வது, கூப்பிட்டால் எழுந்திருப்பது என்று இருக்கிற இரண்டையும் அணைக்கவேண்டும். எல்லாம் என் விரலால் நானே செய்தேன், துமா தொடவில்லை. முடித்துவிட்டு, தூணே, பன்னி நல்லாக் கொழுத்திருக்குன்னு சொல்லு என்றேன். அவர் எழுந்து துண்டை உதறிக்கொண்டு, தூணே, போன் போட்டுச் சொல்லவேண்டிய சேதி இது மட்டும்தான்னு சொல்லு என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

ஆகையால் கல்யாணம் சொன்ன நாளில் நடக்கும், தங்கைக்கு உலோஸ் சால்வை போர்த்த அண்ணன் கை வேண்டும், லீவை இப்போதே எழுதிக் கொடு. வூலான் போனைக் கைப்பையில் சாவிக்கொத்தோடு போடுகிறாளே, அவளுக்கும் மாற்றிக் கொடு. ஆண்டவர் உங்கள் மூவரையும் கண்போலக் காக்கட்டும், லாஸ்மா நல்ல உயரம் வளரட்டும். இதை எழுதிக்கொண்டே வெற்றிலைப் பெட்டியைப் போன்மேல் வைத்து நன்றாக அழுத்திப் பார்த்தேன், அந்தப் பெண் அசையவில்லை. இனி போன் போடு மகனே, எடுப்பதும் நான்தான், பேசுவதும் நான்தான்.

இப்படிக்கு, உன் அம்மா,
ஊர் முழுக்க லாஸ்மாவின் பாட்டி என்று கூப்பிடப்படுகிறவள்.